ஏ, பி, ஏ + பி: ஒரு ஸ்விட்சின் சரித்திரம்

1988-லிருந்து 1994 வரை நம் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்களுக்கு காமன் ரூம் ரிசீவரை நன்றாக ஞாபகம் இருக்கும். ஒரு மாணவரின் தந்தை துபாயிலிருந்து ஊர் திரும்பியபோது கல்லூரிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. 1970களின் ஜப்பான் தயாரிப்பு. வெள்ளி முகம், பக்கங்களில் மரம், ரேடியோ டயலில் நீல வெளிச்சம். இடது ஓரத்தில் ஒரு குமிழ் ஸ்விட்ச்: ஆஃப், ஏ, பி, ஏ + பி. இந்தக் கட்டுரை அந்த ஸ்விட்சைப் பற்றியதுதான்.

நான் 2008-ல் சேர்ந்தவன். என் காலத்தில் அந்த ரிசீவர் லேப் ஸ்டோர் ரூமில் மேல் தட்டில் தூசிக்குள் இருந்தது. நெற்றியில் சிவப்பு மையில் 'கண்டம்' என்று எழுதியிருந்தது. கதை கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். 1994 ஹாஸ்டல் டே அன்று ஃபைனல் இயர் பசங்க ஐந்து பேர் வால்யூமை முழுசாகத் திருகி எரித்துவிட்டார்கள், அதற்காக அவர்கள் காஷன் டெபாசிட்டைக் கல்லூரி பிடித்துக்கொண்டது என்று. சென்ற வருடம் இந்த விழாவுக்கான கூட்டத்தில் அந்த ஐவரில் ஒருவரைச் சந்தித்தேன். இப்போது வயது ஐம்பதுக்கு மேல். "தம்பி, நாங்க பாதிக்கு மேல வைக்கவே இல்லப்பா. யார்கிட்ட சொல்றது?" என்றார். முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தொழில். சரி அண்ணா, திறந்து பார்த்துவிடலாம் என்றேன்.

திறந்ததும் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம். ஒரே ஆம்ப்ளிஃபயரில் பல ஸ்பீக்கர்களை எப்படிப் பகிர்ந்து மாட்டுவது என்பது ஜப்பான்காரன் கண்டுபிடித்த பிரச்சினை இல்லை. நம் ஊர் மைக் செட்காரருக்கு அது தினப்படி பாடு.

சென்னையில் 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. மூன்று வருடத்தில் பணம் தீர்ந்து மூடிவிட்டார்கள். டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போய், 1930-லிருந்து மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அதனால் மெரினா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். சுண்டலும் சங்கீதமும் அப்போதே ஒன்று சேர்ந்தாயிற்று. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. மறுபக்கம் பொதுக்கூட்டங்கள். மோத்வானி குடும்பத்தின் சிகாகோ ரேடியோ காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டிக் கொடுத்தது. 1940-ல் டில்லியில் அஹுஜா தொடங்கியது. பிற்பாடு நம் பக்கத்தில் மைக் செட் என்றாலே அஹுஜா என்று ஆகிவிட்டது.

ஆடி மாதம் செங்கல்பட்டைச் சுற்றி எந்தக் கிராமத்துக்குப் போனாலும் பார்க்கலாம். அம்மன் கோயிலில் ஆம்ப்ளிஃபயர், அங்கிருந்து புளியமரம், பனைமரம், லைட் கம்பம் என்று எட்டு பத்து குழாய் ஸ்பீக்கர்கள், கடைசிக் குழாய் ஊர் எல்லையில். அத்தனைக்கும் ஒரே ஜோடி மெல்லிய ஒயர். முன்பு மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாள் கோயில் பக்கத்தெருவில் ஒரு மைக் செட்காரர் ஒயர் இழுப்பதை நின்று பார்த்தேன். ஓம் கணக்கு எதுவும் போடவில்லை. "இது பதினஞ்சு, அது பதினஞ்சு, அது முப்பது" என்று வாட்ஸை மட்டும் கூட்டிக்கொண்டே போனார். கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபயர் வாட்ஸுக்கு உள்ளே இருந்தால் சரி, அவ்வளவுதான். இன்ஜினீயரிங் படித்த எனக்கு அது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

இந்த எளிமைக்குக் காரணம் 100 வோல்ட் லைன். 4 ஓம் லோடுக்கு 100 வாட்ஸ் கொடுக்க வேண்டுமானால் 20 வோல்ட், 5 ஆம்பியர் ஓட வேண்டும். ஊர் எல்லை வரை போய்வரும் மெல்லிய ஒயருக்கே 4 ஓம் தடை இருந்தால், பாதிப் பவர் ஒயரைச் சூடாக்கவே போய்விடும். அதையே டிரான்ஸ்பார்மர் வைத்து 100 வோல்ட்டாக உயர்த்தினால் ஓடுவது 1 ஆம்பியர்தான், லோடு 100 ஓம். அதே ஒயரில் வீணாவது நூற்றுக்கு நாலு. கல்பாக்கத்திலிருந்து கரண்ட் 230 கிலோவோல்ட்டில் கிளம்புவதும் இதே காரணத்தால்தான், அளவு மட்டும்தான் வேறு. ஒவ்வொரு குழாயின் பின்னாலும் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. 10 வாட்ஸ் குழாய் லைனுக்கு 1000 ஓமாகத் தெரியும், 20 வாட்ஸ் குழாய் 500 ஓமாக. அவரவர் பங்கை அவரவர் டிரான்ஸ்பார்மரே அளந்து எடுத்துக்கொள்ளும். ஓமை மறந்துவிட்டு வாட்ஸைக் கூட்டினால் போதும்.

குழாய் ஸ்பீக்கர் என்றாலே இப்போது முகம் சுளிக்கிறோம். 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகள் ராத்திரி பத்து மணிக்கு மேல் அதன் வாயை அடைத்ததும் நியாயம்தான். ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று இதே கடற்கரையில், கொஞ்சம் தெற்கே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. அலை உயரம், மீன் விலை எல்லாம் அங்கிருந்து ஒலிபெருக்கியில் சொல்வது வழக்கம். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் டி.வி.யில் சுனாமி செய்தியைப் பார்த்து வீட்டுக்குப் போன் போட்டார். சேதி மையத்துக்கு ஓடி, ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, ஊரே மேட்டுக்குப் போனது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கேட்கிற மாதிரி சத்தத்தைப் பங்கிட்டு வைத்திருந்ததன் பலன் அது.

நிற்க. ரிசீவருக்கு வருவோம்.

வால்வு காலத்து ஆம்ப்ளிஃபயர்களில் ஒரு சௌகரியம் இருந்தது. வால்வுக்கு ஆயிரக்கணக்கான ஓம் லோடு வேண்டும், ஸ்பீக்கரோ 4, 8 அல்லது 16 ஓம். இரண்டுக்கும் நடுவில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்து தரகு வேலை பார்த்தது. பின்னால் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பக்கவாட்டில் இணைத்தால் மொத்தம் 4 ஓம், ஆகவே ஒயரை 4 என்ற முனைக்கு மாற்றிக்கொள். பிரச்சினை தீர்ந்தது.

1958-ல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. அதே வருடம் ஹார்மன் கார்டன் கம்பெனி ரேடியோவையும் இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே பெட்டியில் வைத்து ஃபெஸ்டிவல் டிஏ 230 என்று விற்றது. ஸ்டீரியோ ரிசீவர் என்ற ஜாதியின் மூத்த பிள்ளை அதுதான் என்பார்கள். அதுவும் வால்வு. அறுபதுகளில் டிரான்சிஸ்டர் வந்ததும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரைத் தூக்கி எறிந்தார்கள். கனம் குறைந்தது, விலை குறைந்தது, சத்தமும் துல்லியமானது. ஆனால் தரகர் போய்விட்டார். ஸ்பீக்கர் எத்தனை ஓமோ அத்தனை ஓமும் நேராக டிரான்சிஸ்டர் தலையில்! சரியாக இந்தச் சமயம் பார்த்துத்தான் ஹாலில் ஒரு ஜோடி, படுக்கையறையில் ஒரு ஜோடி என்று ஏ, பி ஸ்விட்ச் பிரபலமானது. முனை மாற்றும் வசதி போன பிறகு ஸ்பீக்கர் கூட்டும் வசதி வந்தது. தகராறின் விதை இங்கே விழுந்தது என்பது என் அபிப்பிராயம்.

எப்படிப் பங்கிடுகிறது என்பதைச் செங்கல்பட்டுக்காரர்களுக்கு ஏரியை வைத்துச் சொல்வது சுலபம். நம் ஜில்லாவே ஏரி ஜில்லாதானே. கொளவாய் ஏரியை ஆம்ப்ளிஃபயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டம்தான் வோல்ட்டேஜ். கரையில் ஒரு மதகு திறந்திருக்கிறது, பக்கத்தில் இன்னொன்றையும் திறக்கிறீர்கள். முதல் மதகில் வரும் தண்ணீர் குறையுமா? குறையாது, ஏரியில் மட்டம் நிற்கிற வரைக்கும். இரண்டு வாய்க்காலும் முழுசாக ஓடும், ஏரியிலிருந்து போவது மட்டும் இரட்டிப்பாகும். இதுதான் பேரலல் இணைப்பு. ஏ + பி போட்டால் ஆளுக்குப் பாதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 20 வோல்ட் வரும்போது 8 ஓம் ஸ்பீக்கர் 50 வாட்ஸ் எடுக்கும். பக்கத்தில் இன்னொரு 8 ஓம் மாட்டினாலும் முதலாவது 50 வாட்ஸே எடுக்கும், மொத்தம் 100. பங்கு குறைவதில்லை, சுமைதான் ஏறுகிறது. ஸ்பீக்கர்கள் சமமாக இல்லாவிட்டால் பங்கும் சமமாக இருக்காது. 8 ஓமுக்குப் பக்கத்தில் 4 ஓம் மாட்டினால் 4 ஓம் மதகு பெரிய மதகு, இரட்டிப்புத் தண்ணீர் எடுக்கும்.

ஒரே வாய்க்காலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மதகு வைத்தால் அது சீரிஸ். இரண்டு 8 ஓம் சேர்ந்து 16 ஓம், மொத்தம் 25 வாட்ஸ், தலைக்குப் பன்னிரண்டரை. ஆம்ப்ளிஃபயருக்கு ஆபத்தே இல்லை. அதனால் சில ரிசீவர்களில் ஏ + பி போட்டால் உள்ளே சீரிஸாக மாறும்படி ஒயரிங் செய்தார்கள். அந்த மாடல்களில் ஏ முனையில் மட்டும் ஸ்பீக்கர் மாட்டி ஏ + பி போட்டால் சத்தமே வராது. ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு! ஆனால் சீரிஸில் இசை கெடும். ஸ்பீக்கரின் ஓம் என்பது பெட்டி மேல் அச்சடித்தபடி ஒரே எண்ணாக நிற்பதில்லை, சுருதிக்குச் சுருதி மாறும். பாஸ் வரும் இடத்தில் ஒரு ஸ்பீக்கரின் ஓம் எகிறினால் அது அடுத்தவன் வோல்ட்டேஜையும் பிடுங்கிக்கொள்ளும். கோனை அடக்கி நிறுத்தும் பிடியும் ஆம்ப்ளிஃபயருக்குத் தளர்ந்துவிடும். ஆகவே பெரும்பாலோர் பேரலலையே வைத்துக்கொண்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு எச்சரிக்கை அச்சடித்தார்கள்: ஒரு ஜோடி மட்டும் என்றால் 4 ஓம் வரை போகலாம், இரண்டு ஜோடி என்றால் ஒவ்வொன்றும் 8 ஓமுக்குக் குறையக்கூடாது. பொடி எழுத்தைப் படித்தவர் யார்?

அமெரிக்காவில் 1974-ல் ஒரு சட்டம் வந்தது. அதுவரை கம்பெனிகள் வாட்ஸ் கணக்கை வாய்க்கு வந்தபடி போட்டன. இனிமேல் ஒரு மணி நேரம் மூன்றில் ஒரு பங்கு பவரில் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அப்புறம் அளந்த எண்ணைத்தான் விளம்பரத்தில் போடவேண்டும் என்றார்கள். இந்த வகை ஆம்ப்ளிஃபயர் அதிகமாகச் சூடாவது முழுப் பவரில் இல்லை, சுமார் அந்த மூன்றில் ஒரு பங்கில்தான். ஆகவே பெரிய அலுமினிய ஹீட் சிங்க், பெரிய டிரான்ஸ்பார்மர் என்று பெட்டிகள் பருத்தன. 1978-ல் பயனியர் எஸ்எக்ஸ் 1980 சேனலுக்கு 270 வாட்ஸுடன் 35 கிலோ கனத்தில் வந்தது. இந்தக் காலத்து ஆட்கள் பழைய ரிசீவரைத் தேடி அலைவதற்கு மரப்பெட்டியின் அழகு பாதிக் காரணம், இந்தக் கனம் மீதிக் காரணம். ஆனால் கவனிக்க வேண்டும்: அளவெல்லாம் பெரும்பாலும் 8 ஓமில் எடுத்தது. 2 ஓமில் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

நம் பக்கம் இவை கப்பல் ஏறி வந்த கதை தனி. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-ல் ஏற்பட்ட பர்மா பஜாரில் வெளிநாட்டுச் சரக்கு கிடைத்தது. வளைகுடா போனவர்கள் அட்டைப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார்கள். உள்நாட்டில் கல்கத்தாவில் 1970-ல் சோனோடைன், பம்பாயில் காஸ்மிக் என்று வந்தன. காசு இல்லாதவர்களுக்கு ரிச்சி தெரு. அங்கே 2என்3055 டிரான்சிஸ்டரையும், பின்னால் எஸ்டிகே ஐசியையும் வாங்கி அசெம்பிள் செய்தார்கள். கேட்பதற்கும் விஷயம் இருந்தது. இந்தியாவில் முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் சென்னையில்தான் தொடங்கியது. 1978-ல் வந்த 'பிரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. டீக்கடைகளில் ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து வைத்து பாஸ் வரவழைத்தது நம்மாட்கள் கண்டுபிடிப்பு. பலகைப் பெட்டிக்குச் செலவு செய்ய முடியாதவன் குயவரிடம் போனான். சத்தம் நன்றாகவே இருக்கும், நம்பாதவர்கள் செய்து பார்க்கலாம்.

இனி நம் ரிசீவர். சேனலுக்கு 50 வாட்ஸ். மேல் மூடியைக் கழற்றினால் இடது சேனல் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் ஷார்ட், போர்டு கருகியிருந்தது. வலது சேனல் டிரான்சிஸ்டர்கள் பழுதில்லை. ஏன் ஒரு பக்கம் மட்டும்? வால்யூம் குமிழ் இரண்டு சேனலுக்கும் பொது. முழுசாகத் திருகினால் இரண்டும் அல்லவா எரிய வேண்டும்?

ஃப்யூஸைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வலது பக்க ஃப்யூஸ் முறையாக உருகியிருந்தது. இடது பக்கத்தில் கண்ணாடிக் குழாயைச் சுற்றி மூன்று இழை செம்புக் கம்பி கட்டியிருந்தது. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் இருக்கிறார். ஆம்ப்ளிஃபயருக்கு ஃப்யூஸ்தான் ஏரி காத்த ராமர். அவரைக் கட்டிப் போட்டுவிட்டால் கரை உடையாமல் என்ன செய்யும்?

அடுத்த கேள்வி, இடது ஃப்யூஸ் மட்டும் ஏன் கம்பி கட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் போனது? பின்பக்க முனைகளில் ஒயர்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. ஏ முனையில் ரிசீவருடன் வந்த 8 ஓம் ஸ்பீக்கர்கள். பி முனையில் நீள ஒயர், வராந்தாவில் பானைக்குள் இருந்த கார் ஸ்பீக்கர்களுக்குப் போனது, அவை 4 ஓம் (ஸ்டோர் ரூமில் பானையோடு கிடைத்தன). இரண்டும் சேர்ந்து ஏ + பி-யில் சுமார் 2.7 ஓம். இதுவே தப்பு. இடது பி முனையில் மட்டும் இன்னொரு ஜோடி ஒயர் முறுக்கி, ஒரு அட்டைத் துண்டில் பால்பாயிண்டில் 'மெஸ்' என்று எழுதிக் கட்டியிருந்தது. மெஸ்ஸில் கைகழுவும் இடத்துக்கு மேலே அந்தப் பலகைப் பெட்டி இன்றைக்கும் இருக்கிறது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன், 8 ஓம். ஆக இடது பக்கம் 8, 4, 8 மூன்றும் பேரலலில். கூட்டிப் பாருங்கள், சரியாக 2 ஓம். வால்யூம் பாதியில் இருந்தாலும் பாட்டின் தாளம் விழும் இடத்தில் 20 வோல்ட் வந்தால் 10 ஆம்பியர், 200 வாட்ஸ் கேட்கும். 50 வாட்ஸுக்குச் செய்த பெட்டி!

மெஸ் பெட்டி இடது சேனலில் மட்டும் இருந்ததால், அங்கே சாப்பிட்டவர்கள் ஆறு வருஷமும் ஸ்டீரியோ பாட்டில் பாதி வாத்தியங்களைத்தான் கேட்டிருக்கிறார்கள். சாம்பாரில் குறை கண்ட யாரும் இதைக் கண்டதாகத் தெரியவில்லை.

மெஸ்ஸுக்கு ஒயர் இழுத்ததும் ஃப்யூஸில் கம்பி கட்டியதும் யார் என்று தேடி இப்போது பயனில்லை. ஆனால் ஒன்று நிச்சயமாகச் சொல்லலாம். அந்த ஒயர் சுவரோடு ஆணி அடித்து, மேலே சுண்ணாம்பு பூசி, காமன் ரூமிலிருந்து மெஸ் வரை போகிறது. ஹாஸ்டல் டே அன்று மத்தியானம் ஐந்து பசங்கள் செய்கிற வேலை இல்லை அது. அவர்கள் செய்தது, குமிழை ஏ + பி-க்குத் திருகி, கூட்டத்துக்குக் கேட்கட்டும் என்று பாதி வால்யூம் வைத்தது. ஸ்விட்சில் அச்சடித்திருந்த ஒரு நிலைக்கு ஸ்விட்சைத் திருப்பியது குற்றமா?

ரிப்பேருக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதே டிரான்சிஸ்டர் இப்போது வருவதில்லை, அந்தப் பெயரில் வருவதில் போலிகள் அதிகம். இணையான புது ஜோடி போட்டேன். பவர் சப்ளை கெப்பாசிட்டர்களை மாற்றி, சீரிஸ் போர்டில் 60 வாட் குண்டு பல்பு வைத்து ஆன் செய்தேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கி அணைந்தது, ரிலே 'டிக்' என்றது. அந்தச் சத்தத்துக்காக மூன்று மாதம் தகும்.

நம் சந்திப்பு நாளில் ரிசீவர் காமன் ரூமில் பழைய இடத்திலேயே இருக்கும். ஏ முனையில் பழைய 8 ஓம் ஜோடியை மாட்டியிருக்கிறேன். பானை ஸ்பீக்கர்களைப் பக்கத்தில் சும்மா வைத்திருக்கிறேன், பார்க்க மட்டும். மெஸ் ஒயரை முனையிலிருந்து கழற்றி நுனிக்கு டேப் சுற்றியாயிற்று. இடது பக்கத்துச் செம்புக் கம்பியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, சிவப்பு மையில் 'கண்டம்' என்று எழுதி அருகில் வைத்திருக்கிறேன். முதல் பாட்டை அந்த ஐந்து சீனியர்களும் போடுவதாக ஏற்பாடு. மூன்று பேர் வருவதாக உறுதி சொல்லியிருக்கிறார்கள், நான்காமவர் மஸ்கட்டிலிருந்து டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்.